பாலாற்றங்கரையில் புதுத் தொழிற்சாலைகள்: வேலை வரும், தண்ணீர் என்ன ஆகும்?

ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே இருப்பது பாலாறு.

ஆறு என்றுதான் பெயர். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல். எப்போதாவது வெள்ளம் வந்துவிட்டால், பாலத்தின்மீது நின்று பார்க்க ஊரே திரண்டு வந்துவிடும்!

அந்தப் பாலாற்றங்கரைக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது என்கிறார்கள். கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. ஷூ தொழிற்சாலை வருகிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 262 கிலோ மீட்டர் நீளத்தில் புதிய அதிவேகச் சாலை இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தொழிற்சாலை புதிதல்ல. தொழிற்சாலை சோறு போட்டதையும் பார்த்தவர்கள் அவர்கள். அதே தொழிற்சாலை கிணற்றைக் கெடுத்ததையும் பார்த்தவர்கள்.

அதனால் இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும். வரவு எவ்வளவு? செலவு எவ்வளவு? செலவை யார் தலையில் கட்டினார்கள்?

புது மாவட்டம், பழைய ஊர்

முன்பு எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு ஜில்லா. பிறகு அது பிரிந்து பிரிந்து, வேலூர் மாவட்டம் என்று ஆயிற்று. 2019-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி அந்த வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் ஆயின.

ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. தோலுக்குப் பேர்போன ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின.

மாவட்டம் புதிது. ஊர் பழையது. ஆற்காடு நவாபுகளின் தலைநகரம் இது. 1751-ல் கிளைவ் பிடித்த கோட்டை ஆற்காட்டுக் கோட்டைதான்.

தென்னிந்தியாவின் முதல் ரெயில் எந்த ஊருக்கு ஓடியது தெரியுமா? 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்ட அந்த ரெயில் வந்து நின்ற இடம், ஆற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு!

ரெயில் வந்தது. துறைமுகம் பக்கமாயிற்று. தோல் வியாபாரம் தழைத்தது.

தோல் ஏன் இங்கே?

தோல் பதனிட மூன்று பொருள் வேண்டும். ஒன்று, தோல். இரண்டாவது, பட்டை. மூன்றாவது, தண்ணீர்.

ஆடுமாடுகளின் தோல் சுற்றுப்பக்கத்திலிருந்து வந்தது. காட்டுமேட்டில் ஆவாரம் செடி தானாகவே விளைந்து கிடந்தது. அதன் பட்டையைப் போட்டு ஊறவைத்தால் தோல் கெடாது. தண்ணீருக்கோ பாலாறு இருந்தது. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும், தோண்டினால் கீழே நல்ல தண்ணீர் ஊறும்.

இதனால்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டித் தோல் ஷாப்புகள் எழுந்தன. முதல் போட்டவர்களில் பலர் முஸ்லிம் வியாபாரிகள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தினர். வேறு யாரும் தொடக் கூசிய வேலையை அவர்கள் செய்தார்கள்.

வந்த பணமெல்லாம் பெட்டியிலேயே தூங்கிவிடவில்லை. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965-ல் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் வந்தன. தோல் வியாபாரிகள் கொடுத்த பணத்தில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இதையும் வரவில் எழுதத்தான் வேண்டும்.

கருவாடும் தோலும்

இனி செலவுக் கணக்கு.

மீனைக் கெடாமல் வைக்க என்ன செய்கிறோம்? உப்புப் போட்டுக் கருவாடு ஆக்குகிறோம். பச்சைத் தோலும் அப்படித்தான். உரித்தவுடன் உப்பைக் கொட்டி வைப்பார்கள். இல்லாவிட்டால் அழுகிவிடும்.

ஷாப்புக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்க வேண்டும். அதையும் கழுவ வேண்டும். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்!

ஒரு கிலோ தோலை முழுதாகப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் எழுதியது. நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடத்துக்கும் மேல்!

ஒரு ஷாப் நாளொன்றுக்கு ஒரு டன் தோல் பதனிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 ஆயிரம் லிட்டர் ஆயிற்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, ஐந்து பேர் உள்ள 127 குடும்பங்களுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

எடுத்த தண்ணீரைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் இத்தனை வழக்கு வந்திராது. உப்போடும் அழுக்கோடும் வெளியே விட்டார்கள். அது ஆற்றில் சேர்ந்தது. நிலத்தில் இறங்கியது. கிணற்றில் ஊறியது.

ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டால் வடிகட்டி எடுக்க முடியுமா? முடியாது. கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். அந்தத் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினால், வயல் என்ன ஆகும்? தென்னை என்ன ஆகும்?

1973-ல் வந்த மாற்றம்

முதலில் இங்கிருந்து அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் கப்பல் ஏறியது. அதை வாங்கிய வெளிநாட்டார், மெருகு போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள்.

"லாபத்தை ஏன் அவர்களுக்கு விடவேண்டும்? முழுத் தோலாக, செருப்பாக நாமே செய்து விற்போம்" என்று மத்திய சர்க்கார் நினைத்தது. சீதாராமையா கமிட்டி யோசனை கூறியது. 1973 முதல் அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

நினைத்தது சரிதான். நாட்டுக்கு அன்னியச் செலாவணி கிடைத்தது. இங்கே வேலையும் பெருகியது.

ஆனால் பதனிடும் முறையும் மாறியது. ஆவாரம் பட்டையில் தோல் பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் கலந்த உப்பில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். எனவே குரோமியம் பரவியது. பட்டை போட்ட காலத்திலும் உப்புத் தண்ணீர் உண்டு. குரோமியம் வந்தபின் உப்போடு ரசாயனமும் சேர்ந்துகொண்டது.

தோலின் மதிப்பைக் கூட்டச் சட்டம் போட்டவர்கள், கழிவு நீருக்கு அன்றே ஒரு வழி செய்யவில்லை. தொல்லையின் வேர் இதுதான்.

மஞ்சள் தண்ணீர்

ராணிப்பேட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் வந்தது. அங்கே குரோமியம் ரசாயனம் தயாரிக்கும் ஆலை ஒன்றும் வந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்று அதற்குப் பெயர்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது ஒரு வகை. அதன் கொடுமை குறைவு. இன்னொரு வகை நஞ்சு. தண்ணீரை மஞ்சளாக்கும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அந்த ஆலையின் கழிவில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

1995-ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் கழிவு போகவில்லை! ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் நஞ்சு கரைந்து நிலத்தில் இறங்கியது. 2006-ல் ஓர் அமெரிக்க நிறுவனம், உலகில் மிகவும் மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது!

சம்பளம் நின்று போனது. லாபம் நின்று போனது. நஞ்சு மட்டும் நின்றுவிட்டது.

கெடுத்தவன் கொடு!

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் மூன்று நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது. இந்தியா முழுவதும் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பயிருக்கு முழுதாகவோ பாதியாகவோ லாயக்கற்றுப் போயிற்று என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. ஏக்கரில் சொன்னால் 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல்!

கோர்ட்டு என்ன சொன்னது?

தோல் தொழில் நாட்டுக்கு அன்னியச் செலாவணி தருகிறது. வேலை தருகிறது. அதற்காக மக்களின் உடல்நலத்தையும் மண்ணையும் அழிக்க அதற்கு உரிமை இல்லை. கெடுத்தவனே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். கெட்ட மண்ணைச் சரிசெய்யும் செலவும் அவனுடையதே. ஒவ்வொரு ஆலையும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்க வேண்டும்.

மக்கள் மகிழ்ந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள்.

24 ஆண்டுகள், 9 ஆயிரம் ரூபாய்

ஆணையம் அமைந்தது. ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. 2001-ல் முடிவு சொன்னது.

நஷ்டப்பட்டவர்கள் 29 ஆயிரத்து 193 பேர். கொடுக்க வேண்டிய ஆலைகள் 547. மொத்த நஷ்ட ஈடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

கோடி என்றதும் பெரிதாகத் தெரிகிறது அல்லவா? வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரி 9 ஆயிரத்து 200 ரூபாய்கூட வரவில்லை! ஒரு குடும்பத்தின் கிணறும் வயலும் கெட்டுப் போனதற்கு விலை இவ்வளவுதான்.

ஆலைப் பக்கமும் பாருங்கள். ஓர் ஆலைக்குச் சராசரி 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. ஆற்றைக் கெடுத்ததற்கு இது பெரிய தொகையா?

இந்தச் சிறு தொகையாவது கைக்கு வந்ததா? அதற்கும் வழக்கு. அதற்கும் மேல்முறையீடு. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. விட்டுப்போனவர்களுக்கு நஷ்ட ஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்றது. சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்றது. ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் கமிட்டி போட்டுப் பாலாற்றைக் கவனிக்கச் சொன்னது.

2001-ல் ஆணையம் முடிவு சொன்னபோது பிறந்த குழந்தைக்கு 2025-ல் 24 வயது. நிலத்தை இழந்த தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் இருந்து அந்தத் தீர்ப்பைக் கேட்டார்கள்?

சுவர் இடிந்த இரவு

ஆலைகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பல ஆலைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழிகள் கண்டு சொன்னது. தண்ணீரை வடித்து மறுபடியும் பயன்படுத்தும் முறையும் வந்தது.

ஆனால் தண்ணீரைப் பிரித்தபின், உப்பும் சேறும் மிச்சம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு நிறைந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து பக்கத்துத் தோல் ஷாப்பில் புகுந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூழ்கடித்தது. 10 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஏழைகள்.

சுத்தம் செய்யக் கட்டிய இடமே எமனாயிற்று! யந்திரம் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அதை ஒழுங்காக நடத்தவும் வேண்டும். யாராவது வந்து சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

அப்படியானால் மூடிவிடலாமா?

சிலர் அப்படிக் கேட்கிறார்கள். அது எளிதான பேச்சு.

ஆம்பூரில் விடியற்காலை ஷூ கம்பெனி பஸ்கள் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களை ஏற்றி வருகின்றன. மகள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான். தாயின் சம்பளத்தில் வாடகை கட்டுகிறார்கள். ஆலையை மூடினால் அந்த வீட்டு அடுப்பு என்ன ஆகும்?

ஒன்றைக் கவனியுங்கள். தோல் பதனிடுவது வேறு. ஷூ தைப்பது வேறு. பதனிடும் இடத்தில் தண்ணீர் அதிகம், ஆட்கள் குறைவு. தைக்கும் இடத்தில் ஆட்கள் அதிகம், தண்ணீர் குறைவு. ஆற்றுக்கு வரும் தொல்லையும் வீட்டுக்கு வரும் சம்பளமும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் எந்தத் தொழிலை வளர்க்கலாம் என்பது விளங்கும்.

காரும் ஷூவும்

இப்போது புதுத் தொழிற்சாலைகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் இடம் நெமிலி தாலுகா பனப்பாக்கம்.

ஒன்று, டாட்டா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. 2024 செப்டம்பர் 28-ந் தேதி முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 9 ஆயிரம் கோடி ரூபாய். நேரடியாகவும் மறைமுகமாகவும் 5 ஆயிரம் பேருக்கு மேல் வேலை என்று அறிவித்தார்கள்.

மற்றொன்று, ஹாங் பூ என்ற தைவான் நாட்டுக் குழுமத்தின் ஷூ தொழிற்சாலை. தோல் இல்லாத ஷூ. முதலீடு 1,500 கோடி ரூபாய். 25 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள்.

மறுபடியும் வகுத்துப் பாருங்கள்.

கார் தொழிற்சாலையில் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் முதலீடு. ஷூ தொழிற்சாலையில் ஒரு வேலைக்கு 6 லட்சம் ரூபாய்!

எனவே "இத்தனை ஆயிரம் கோடி" என்ற கொட்டை எழுத்தைப் பார்த்து மட்டும் மயங்கக் கூடாது. கோடி அதிகமானால் வேலையும் அதிகம் என்று அர்த்தமில்லை. காரினால் வரும் பயன் வேறு. உதிரி பாகம் செய்யும் சின்னத் தொழில்கள் வரும். தொழில் படித்தவர்களுக்கு நல்ல சம்பளம் கிடைக்கும். அதிகம் படிக்காத பெண்ணுக்குக் கதவு திறப்பது ஷூ தொழிற்சாலைதான்.

தோல் இல்லாத ஷூ என்பதில் இன்னொரு நன்மை. பதனிடும் வேலை இல்லை. உப்புத் தண்ணீரும் இல்லை.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. ஷூவின் விலையை நிர்ணயிப்பது வெளிநாட்டுக் கடை. 2025 ஆகஸ்டு 27-ந் தேதி இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது அமெரிக்கா தன் சுங்கவரியை 50 சதவீதமாக உயர்த்தியது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, ஆம்பூர் வியாபாரிகளைத் தூங்கவிடாமல் செய்தது! வரி ஏறும், இறங்கும். ஒரே தொழிலை, ஒரே நாட்டை நம்பியிருக்கும் ஊர் அதோடு சேர்ந்து ஆடும். காரும் ஷூவும் மற்றத் தொழில்களும் கலந்து வருவது நல்லது என்பது இதனால்தான்.

நான்கு கேள்விகள்

பனப்பாக்கம் ஏரிப்பாசன நாடு. பக்கத்தில் காவேரிப்பாக்கம் ஏரி. 1858-ல் வாலாஜா அருகே பாலாற்றில் கட்டிய அணைக்கட்டிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அந்த வயல்களும் கிணறுகளும் பிழைக்க வேண்டும்.

எனவே எந்தத் தொழிற்சாலை வந்தாலும், கிராம சபையில் நாலு கேள்வி கேளுங்கள். பெரிய படிப்பு வேண்டாம்.

முதல் கேள்வி: உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு?

இரண்டாவது கேள்வி: பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது? மிஞ்சும் சேறு எங்கே போகிறது?

மூன்றாவது கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? பெருக்குவதும் காவலுமா? யந்திரத்தில் உட்காரும் வேலையா? அதற்குப் பயிற்சி யார் கொடுப்பது?

நான்காவது கேள்வி: நாளைக்கு ஏதாவது கெட்டுப் போனால் பணம் யார் கொடுப்பது? அந்தப் பணத்தை இன்றே ஓரிடத்தில் கட்டி வைப்பீர்களா?

இந்த நான்காவது கேள்விதான் முக்கியம். 1970-களில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டு, அப்போதே கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருந்தால், ராணிப்பேட்டையில் நஞ்சு மலை அனாதையாகக் கிடந்திருக்காது. நஷ்டப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கவும் மாட்டார்கள்.

தொழிற்சாலை வேண்டாம் என்று யார் சொன்னது? வரட்டும். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். பட்டணம் போய்ப் பாடுபடும் பையன் ஊரிலேயே சம்பாதித்து அம்மா கையால் சாப்பிடட்டும்.

ஆனால் பெண் பார்க்கப் போகிறவர்கள் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு உடனே தாலி எடுத்துக் கொடுப்பதில்லை. நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள். ஊருக்குத் தொழிற்சாலை வருவதும் சம்பந்தம் செய்வது போலத்தான்.

விசாரித்துச் செய்வோம்!